சன்லூகருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் போகாதீங்க

ஸ்பெயினுக்குப் போய்வருகிற எங்கட ஆக்களின்ர படங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒண்டுதான். பார்சிலோனாவில் கௌடியின் தேவாலயம், மட்ரிட்டில் பெர்னபேயூ மைதானம். கொஞ்சம் மினக்கெட்டவர்கள் என்றால் கிரனடாவில் அல்ஹம்ப்ரா. அதில் பிழை சொல்ல வரவில்லை. லண்டனிலோ பாரிஸிலோ வேலை செய்து, நாலு நாள் லீவில் மலிவு விமானத்தில் போறவைக்கு வேற என்ன நேரம் கிடைக்கும்? இங்கிருந்து போறவர்களின் கதை இன்னும் மோசம். வங்கிக் கணக்குப் பத்திரமும் கையுமாக ஷெங்கன் விசாவுக்கு அலைஞ்சு களைச்சுப்போய்ப் போறவன், எல்லாரும் பார்த்ததைத் தானும் பார்க்கவேண்டும் என்று நினைப்பது நியாயம்தான்.

ஆனால் அந்தாலூசியா வரைக்கும் போகிறவர்களில் சிலர் இப்போது சன்லூகர் தெ பார்ரமேதா என்ற ஊரையும் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2022இல் ஸ்பெயினின் உணவுத் தலைநகராக அதைத் தெரிவு செய்தார்கள், அதுவும் ஒரு காரணம். எப்படிப் போகிறார்கள் என்றால், செவிலில் இருந்து காலையில் வெளிக்கிட்டு, மத்தியானம் ஆற்றங்கரையில் இறால் சாப்பிட்டு, ஒரு ஷெரி நிலவறையில் மூன்று குவளை ருசி பார்த்து, பின்னேரம் திரும்பி விடுகிறார்கள். அப்படிப் போறதுக்கு அந்த ஊருக்குப் போகாமலே விடலாம் என்பது எங்கள் கருத்து. போனால் தங்கவேண்டும். குறைந்தது மூன்று இரவு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுவோம். காதிஸ் மாகாணத்தில், குவாதல்கிவிர் ஆறு அத்லாந்திக் கடலில் விழுகிற வாயில் இருக்கிறது. எழுபதாயிரம் பேர் அளவில் இருக்கிற ஊர். ரயில் இல்லை, பஸ்தான். எதிர்க்கரையில் தொன்யானா தேசியப் பூங்காவின் மணலும் பைன் மரங்களும் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும், ஆனால் செவிலுக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலமும் கிடையாது. ஆகவே சன்லூகர் ஒரு பாதையின் முடிவு. அதைத் தாண்டி வேறெங்கோ போகிற வழியில் எட்டிப் பார்க்கிற ஊர் இல்லை. போனால் அங்கேதான் போகவேண்டும்.

இந்த ஊரின் பெயரைச் சுமந்து போகிற பானம் மன்சனீயா. ஷெரிக் குடும்பத்தில் ஆக மெலிந்தது, ஆக உலர்ந்தது, லேசாக உப்புக் கரிக்கிறது. பலோமினோ என்ற ஒரே வெள்ளைத் திராட்சை, சுண்ணாம்பு வெள்ளையான அதே மண், அதே முறை. இருந்தும் பக்கத்து ஹெரேஸில் முதிர வைத்தால் அதற்குப் பெயர் ஃபீனோ, சன்லூகரில் முதிர வைத்தால்தான் மன்சனீயா. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இதைக் கேட்டவுடன் வியாபாரத் தந்திரம் என்றுதான் எங்களுக்கும் பட்டது. விளங்கப்படுத்தினவர்கள் பீப்பாய்க்குள் டோர்ச் அடித்துக் காட்டினார்கள்.

பீப்பாயை முழுசாக நிரப்புவதில்லை. ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வெறும் காற்றுக்கு விடுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் வைனின் மேல் வெள்ளைப் படலம் ஒன்று தானாகவே படரும். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அதுதான். அவர்கள் அதை ஃப்ளோர், அதாவது பூ, என்கிறார்கள். இந்தப் படலம் வைனைக் காற்றிடமிருந்து காப்பாற்றுகிறது, அதே நேரம் வைனைத் தின்று அதன் ருசியையும் மாற்றுகிறது. இதற்கு ஈரம் வேண்டும், ஆகப் பெரிய வெக்கை கூடாது. கடலும் ஆறும் சதுப்பு நிலமும் மூன்று பக்கமும் இருப்பதால் சன்லூகரில் அந்தப் படலம் ஹெரேஸைவிடத் தடிப்பாக, வருஷம் முழுக்க உயிரோடு இருக்கிறது. மேற்கிலிருந்து வீசுகிற பொனியென்தே காற்று ஈரத்தைக் கொண்டுவரும், கிழக்கிலிருந்து வருகிற லெவாந்தே உலர்த்திவிடும். ஆகவே நிலவறைகள் தேவாலயம் மாதிரி உயரமான கூரையோடு, கடற்காற்றுக்குத் திறக்கிற ஜன்னல்களோடு கட்டப்பட்டிருக்கின்றன. நிலத்துக்கு மண், கோடையில் அதற்குத் தண்ணீர் தெளிப்பார்கள். நிலவறை என்கிறோமே தவிர அது நிலத்துக்குக் கீழே இல்லை.

பிறகு அடுக்கு. ஆகக் கீழே இருக்கிற பீப்பாய் வரிசை சொலேரா. போத்தலில் அடைப்பதற்கு அதிலிருந்துதான் எடுப்பார்கள், அதுவும் ஒரு பங்குதான். எடுத்த குறையை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். மேல் வரிசையின் குறையை அதற்கும் மேலே இருப்பதிலிருந்து. எந்தப் பீப்பாயும் ஒருபோதும் முழுசாக வெறுமையாவதில்லை. அதனால்தான் ஷெரிப் போத்தலில் பெரும்பாலும் வருஷம் போட்டிருக்காது. தாத்தா காலத்து வைனும் போன வருஷத்து வைனும் கலந்ததற்கு என்ன வருஷம் போடுவது?

(தவறணைக் கள்ளைத் தெரிந்தவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: அங்கேயும் யாரும் சேர்க்காத மதுவம்தான் வேலை செய்கிறது. காலையில் இனிக்கிற கள்ளு பின்னேரம் புளிக்கிறது. ஒன்று ஒரு பகலில் முடிகிற கதை, மற்றது ஏழெட்டு வருஷம் எடுக்கிற கதை. எங்கட கள்ளுக்கு இப்படி ஒரு ஊர்ப்பெயர்க் காவல் ஏன் இல்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய கேள்வி.)

இதெல்லாம் முக்கால் மணித்தியாலச் சுற்றுலாவிலும் சொல்வார்களே, பிறகு ஏன் தங்கவேண்டும் என்று கேட்கலாம். சன்லூகரின் நேரம் வேறு. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிறகு கடை பூட்டு, தெரு வெறுமை. பகல் பயணக்காரர் பார்ப்பது அந்த மூன்று மணித்தியாலத்தைத்தான். பார்த்துவிட்டு, “செத்த ஊர், இறால் மட்டும் பரவாயில்லை” என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பின்னேரம் பொனான்சா துறையில் படகுகள் மீனோடு வந்து சேரும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு காபில்தோ சதுக்கத்தில் கிழவிகள் கதிரை போட்டிருந்து கதைக்க, பிள்ளைகள் நடுவில் பந்தடிக்க, ஒரு தட்டில் குட்டி இறால் போட்ட மொறுமொறு ரொட்டி, தோர்தியீத்தா என்பார்கள், கைக்குக் கை போகும். நாங்கள் மூன்று பேர் போன ஜூனில் ஐந்து இரவு தங்கினோம். எங்களில் ஒருத்தி குடிக்கிறதில்லை. ஊரை ஆக ரசித்தது அவள்தான்.

மேட்டுப் பகுதியில் மெதீனா சிதோனியா பிரபுக்களின் அரண்மனை இருக்கிறது. 1588இல் இங்கிலாந்துக்கு எதிராகப் போன ஸ்பானியக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கினவர் இந்தக் குடும்பத்தின் 7ஆவது பிரபு. எங்களுக்கு அவரைவிட முக்கியமானவர் 21ஆவது ஆள், லூயிசா இசபெல் ஆல்வாரெஸ் தெ தொலேதோ. “சிவப்புப் பிரபு” என்று பெயர் எடுத்தவர். 1966இல் பலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே அமெரிக்க விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி ஐதரசன் குண்டுகள் விழுந்தன. அந்தக் கிராமத்துச் சனத்துக்காக ஊர்வலம் நடத்தினதற்காக பிராங்கோவின் ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. பிறகு பல வருஷம் நாடுகடந்த வாழ்க்கை. திரும்பி வந்து, ஐரோப்பாவில் தனியார் கையிலிருந்த ஆகப் பெறுமதியான ஆவணக்காப்பகங்களில் ஒன்றான குடும்பக் கடதாசிகளை இந்த அரண்மனையில் தானே இருந்து அடுக்கினார். எல்லாவற்றையும் ஒரு நிதியத்தின் பெயரில் எழுதிவைத்தார். 2008இல் இறப்பதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் தன்னுடைய துணைவியைச் சட்டப்படி திருமணம் செய்தார். அரண்மனையின் ஒரு பகுதி இன்றைக்கு விருந்தினர் விடுதி, முற்றத்தில் கோப்பிக்கடை. பிரபு வம்சத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, ஆனாலும் வாடகை ஒரு ஆவணக்காப்பகம் இருக்கிற இடத்துக்குப் போகிறதென்றால் அதில் தங்கலாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

ஊர் தன்னைப்பற்றிச் சொல்லுகிற பெரிய கதை இன்னொன்று. 1519 செப்ரெம்பர் 20, மகெல்லனின் ஐந்து கப்பல்கள் இங்கிருந்துதான் புறப்பட்டன, 240 பேர் அளவில். 1522 செப்ரெம்பர் 6, உலகத்தைச் சுற்றி ஒரே ஒரு கப்பல், எல்கானோவின் தலைமையில் 18 பேருடன் இங்கே திரும்பியது. உள்ளே கராம்பு மூட்டைகள். ஐந்நூறாவது ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். நாங்கள் அந்தப் பதினெட்டில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

மகெல்லன் 1511இல் மலாக்காவில் ஒரு மலாய் இளைஞரை அடிமையாக வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். என்ரீக்கே என்று பெயர் வைத்தார்கள். அவரும் சன்லூகரிலிருந்து அதே நாளில் கப்பலேறினார். மேற்குப் பக்கமாகப் போய்ப் போய், 1521இல் இன்றைய பிலிப்பைன்ஸ் தீவொன்றுக்கு அருகே அவர் கதைத்தது படகிலிருந்தவர்களுக்கு விளங்கியது. அதாவது, சொந்த மொழி புழங்குகிற கடலுக்கு உலகத்தின் மறுபக்கத்தால் வந்து சேர்ந்தார். தான் செத்தால் இவருக்கு விடுதலை, பணமும் கொடுக்கவேண்டும் என்று மகெல்லன் உயிலில் எழுதியிருந்தார். ஏப்ரலில் மகெல்லன் கொல்லப்பட்டார். பொறுப்பேற்றவர்கள் விடுதலை கொடுக்க மறுத்தார்கள். செபுவில் நடந்த விருந்துப் படுகொலையோடு என்ரீக்கே ஆவணங்களிலிருந்து மறைகிறார். உலகத்தை முதலில் சுற்றி முடித்த ஆள் அவராகவும் இருக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரூபிக்க ஏலாது. ஆனால் அந்தக் கரையில் நிற்கும்போது நினைக்கவேண்டிய பெயர் அவருடையதுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இது தூரத்துக் கதையும் இல்லை. 1505இல் மகெல்லன் கீழைத் தேசத்துக்கு வந்தது அல்மெய்தாவின் கப்பற்படையில். அந்த அல்மெய்தாவின் மகன் லோரென்சோதான் இலங்கையில் வந்து இறங்கின போர்த்துக்கேயத் தளபதி.

இனி நாங்கள் சொல்வதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நல்ல வாதத்துக்கு வருவோம். “தங்குங்கோ தங்குங்கோ என்கிறீர்கள். தங்குகிறவன்தானே வாடகையை ஏற்றுகிறவன்? பகலில் வந்து போகிறவன் ஒருத்தரின் வீட்டையும் பறிக்கிறதில்லையே?” உண்மை. 2024இல் கனேரியா தீவுகளில், மாலகாவில், பார்சிலோனாவில் சனம் தெருவில் இறங்கினது இதற்காகத்தான். 2025 மே மாதத்தில் ஸ்பெயின் அரசு எயார்பிஎன்பியிலிருந்து 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டு விளம்பரங்களை நீக்கச் சொன்னது, சரியான பதிவு இலக்கம் இல்லை என்று. சன்லூகர் பணக்கார ஊரில்லை, வேலையில்லாப் பிரச்சினை ஸ்பெயினிலேயே கூடின இடங்களில் ஒன்று. ஷெரி வியாபாரமும் எண்பதுகளுக்குப் பிறகு சுருங்கிவிட்டது, அந்த வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் அன்றிருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது மிச்சம். உழைப்பு போன இடத்தில் உல்லாசப் பயணி வருகிறான். அவன் எங்கே படுக்கிறான் என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் எங்கள் நிலைப்பாட்டுக்கு ஒரு நிபந்தனை. முழு வீட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஊரில் சின்ன விடுதிகள் இருக்கின்றன, பழைய வீடுகளில், முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு அறையோடு. காலையில் அறை துடைக்க வருகிற அக்காவுக்குச் சம்பளம் போகிற இடம் அது. வீடுதான் வேண்டும் என்றால் பதிவு இலக்கத்தையாவது பாருங்கள். பகல் பயணக்காரன் வீட்டைப் பறிக்கிறதில்லை என்பது சரி, ஆனால் அவன் காசும் ஊருக்குள் பெரிதாக இறங்குவதில்லை. செவிலில் பஸ் கொம்பனியும் ஆற்றங்கரையில் நாலு உணவகமும்தான் மிச்சம் பார்க்கும்.

தண்ணீர்க் கதையும் இருக்கிறது. தொன்யானாவின் சாந்தா ஒலாயா குளம் 2022இலிருந்து தொடர்ந்து மூன்று கோடை முற்றாக வற்றியது. மழைக் குறைவும், பூங்காவுக்கு அந்தப்பக்கம் ஸ்ட்ரோபெரித் தோட்டங்களுக்கு உறிஞ்சுகிற கிணறுகளும் காரணம். 2021இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினைக் குற்றங்கண்டது. இதற்கு நேர் எதிரான ஒன்று சன்லூகர் பக்கம் இருக்கிறது, நவாசோ என்கிற தோட்டங்கள். மணல் மேட்டை நன்னீர் மட்டத்துக்குக் கிட்டத் தோண்டி இறக்கி, அதற்குள் மரக்கறி வைப்பார்கள். கடல் பெருகும்போது அடியில் நன்னீர் உயர்ந்து வேரை நனைக்கும், வற்றும்போது இறங்கும். பம்பி இல்லை, வாய்க்கால் இல்லை. உவர்நீருக்கு மேலே மிதக்கிற நன்னீரை நம்பி வாழ்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதை மேலும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்றைக்குப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எந்தச் சுற்றுலாப் பொதியிலும் இது வராது. விடுதிக்காரரிடம் கேட்டால் வழி சொல்லுவார், எங்களுக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

எப்போது போகலாம்? ஓகஸ்டில் 1845இலிருந்து நடக்கிற கடற்கரைக் குதிரைப் பந்தயம் இருக்கிறது, வற்றுக் கடலின் ஈர மணலில். பந்தயத்தைவிட, மட்டையால் பெட்டிக்கடை கட்டிச் சில்லறைக்குப் பெற் பிடிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவே போகலாம். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். எங்களைக் கேட்டால் மே, ஜூன், இல்லாவிட்டால் செப்ரெம்பர் கடைசி, கிழமை நடுவில். மே மாதத்திலோ ஜூனிலோ எல் ரோசியோ யாத்திரை வரும். திகதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பாஹோ தெ கீயா கரையில் விடியவே போய் நின்றால், பாலமில்லாத அந்த ஆற்றை மாட்டு வண்டிலும் குதிரையும் பாட்டுமாகத் தெப்பத்தில் ஏறிச் சனம் கடக்கிறதைப் பார்க்கலாம். செவிலிலிருந்து வருகிற பஸ் அந்த நேரத்துக்கு வந்து சேராது.