வண்டிக்குக் காவல் எலுமிச்சம்பழமா?

திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்துத் தோழர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்து தமது கஷ்டத்தைச் சொல்லிக் கொண்டார். குட்டியானை என்று ஜனங்கள் பேர் வைத்திருக்கின்ற சிறு லாரி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கி, சீமைக் கருவேல் கரிமூட்டை ஏற்றிப் பிழைத்து வந்தவர் அவர். குழந்தைக்கு முடியிறக்க வேண்டுமென்று குடும்பத்தோடு பஸ்ஸில் பழனிக்குப் போகும்போது, லாரியை அருப்புக்கோட்டைக்கு வெளியில் ரோட்டோரமாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் லாரி இல்லை. அதன் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாத்திரம் அறுந்து தரையில் கிடந்தனவாம்.

“அண்ணே, ஒரு குறையும் வைக்கலையே. வாங்கின அன்னைக்கே பூசை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சு ஏத்தினோம். கருப்பசாமி படம் ஒட்டினோம். ஆயுத பூசைக்குப் பூசணிக்காய் உடைச்சோம். அப்புறமும் போயிருச்சே” என்றார்.

“தம்பி, பூட்டு என்ன போட்டிருந்தீர்கள்?” என்று கேட்டோம்.

“கதவுச் சாவிதான் அண்ணே.”

“இன்ஷூரன்ஸ்?”

அதற்கு அவர் பதில் சொல்லத் தலைகுனிந்தார். முதல் வருஷம் கடன் கொடுத்தவர்கள் கட்டாயத்தின் பேரில் முழு இன்ஷூரன்ஸ் எடுத்ததாகவும், பிறகு பணம் மிச்சமென்று மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸை மட்டும் கட்டி வந்ததாகவும் சொன்னார். மிச்சம் பிடித்த அந்தப் பணத்துக்கு மேலாகவே பூசைக்கும் படையலுக்கும் செலவழித்திருக்கிறார் என்பது அவர் சொன்ன கணக்கிலிருந்தே தெரிந்தது. இப்போது லாரி இல்லை, ஆனால் லாரிக்கான தவணை மாதம் தவறாமல் இருக்கிறது. இதற்கு அவருடைய சுற்றத்தார் கண்டுபிடித்த காரணம் என்னவென்றால், நேர்த்திக்கடனில் ஏதோ குறை வைத்துவிட்டார் என்பதாகும். களவு கொடுத்தவனையே குற்றவாளியாக்குகின்ற இந்த நியாயம் வேறு எந்த வியாபாரத்திலாவது செல்லுமா என்று கேட்கின்றோம்.

இந்தக் கரிசல் சீமையில் மானத்தை நம்பிய விவசாயம் கைவிட்டபின், ஜனங்களில் பெரும்பாலோருக்கு மோட்டார் சைக்கிளோ, சிறு லாரியோ, டிராக்டரோதான் சோறு போடுகின்றது. வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றவர்கள் வண்டியை மாதக்கணக்கில் வாசலில் நிறுத்திவிட்டுப் போகின்றார்கள். பணக்காரன் வீட்டு மோட்டாருக்குக் கொட்டகையும் காவற்காரனும் உண்டு. ஏழையின் வண்டி நடுத்தெருவில் எலுமிச்சம்பழத்தின் பாதுகாப்பில் நிற்கின்றது. நாம் ஏழைகளைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய பயத்தை மூலதனமாக வைத்துப் பிழைக்கின்றவர்கள் மேல்தான் நமக்குக் கோபம்.

சாமி காக்கும் என்பவர்கள் சாமியை யார் காக்கின்றார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும். அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் விக்கிரகத்தை 2006ஆம் வருஷத்தில் திருடர்கள் கொண்டு போனார்கள். அது போன சங்கதியே 2008இல்தான் வெளியில் தெரிந்தது. அதற்குள் அது கடல் தாண்டி, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் விலையாகி விட்டது. பிறகு 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதம மந்திரி இந்தியாவுக்கு வந்தபோது திருப்பிக் கொடுத்தார். திருப்பி வாங்கியது எந்த மந்திரத்தாலும் அல்ல. பழைய போட்டோக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களும், போலீசாரும், வழக்கும், சர்க்காரும் சேர்ந்து செய்த காரியம் அது.

சட்டம் எழுதினவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கின்றது போலும். 2024 ஜூலை 1 முதல் இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலாக அமுலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, ஆளையும் சரக்கையும் ஏற்றுகின்ற வாகனத்தைத் திருடுவதையும், வழிபாட்டு இடத்து விக்கிரகத்தைத் திருடுவதையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டுக்கும் ஏழு வருஷம் வரையில் தண்டனை என்கின்றது. களவு போவதில் சாமிக்கும் லாரிக்கும் வித்தியாசமில்லை என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்று மற்றொன்றைக் காக்கும் என்பது எப்படிப் பொருந்தும்?

நம் ஜில்லாக்களின் பெரியவர்களுக்குக் காவல் என்றால் என்னவென்று தெரியும். பாளையக்காரர் காலத்திலிருந்து ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவற்கூலி என்று ஒன்று இருந்தது. கிராமத்தார் காவற்காரனுக்கு நெல்லோ பணமோ கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாடு காணாமற் போகும். பிறகு துப்புக்கூலி என்று ஒரு தொகை கொடுத்தால், இன்ன இடத்தில் இன்ன மரத்தடியில் மாடு கட்டிக் கிடக்கின்றதென்று தகவல் வரும். பயப்படுத்துகின்றவனே பாதுகாப்பவனாகவும் இருந்து கூலி வாங்குகின்ற ஏற்பாடு அது. நேர்த்திக்கடனும் காணிக்கையும் இதே சரக்குத்தான். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. காவற்கூலி வாங்கினவனாவது துப்புக்கூலி கொடுத்தால் மாட்டைக் காட்டினான். நமது தோழர் பழனியில் போட்ட காணிக்கைக்கு லாரியின் துப்பு இன்னும் வரவில்லை.

அந்தக் காவற்கூலியை ஜனங்கள் எப்படி எதிர்த்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1896ஆம் வருஷம் திண்டுக்கல் தாலூகாவில் கிராமத்தார் கூடி, இனிக் காவற்கூலி கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். வேப்பிலையை அனுப்பிக் கூட்டம் சேர்த்ததால், அவர்கள் திரட்டிய பணத்துக்கு வேப்பிலை நிதி என்று பேர் வந்தது. எவன் மாடு களவு போனாலும் அந்த நிதியிலிருந்து ஈடு கொடுப்பது, ஊரில் முறை வைத்து ராக்காவல் இருப்பது, காவலிருப்பவர் கையில் கொம்பு கொடுத்து ஆபத்தென்றால் ஊதச் செய்வது என்று விதிகளும் செய்தார்கள். படிப்பில்லாத குடியானவர்கள் தாங்களே யோசித்துக் கண்ட இன்ஷூரன்ஸ் அது.

ஆனால் அந்தக் கிளர்ச்சி பிறகு ஒரு சாதியார் முழுவதையும் பகைத்து, அவர்களுடைய குடிசைகளுக்குத் தீ வைக்கும் வரையில் போய்விட்டது. அதை நாம் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பிறப்பிலேயே திருடன் என்ற ஒரு சாதி உலகத்தில் கிடையாது. வெள்ளைக்காரச் சர்க்கார் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்து, பிறகு அதை இந்த மாகாணத்திலும் கொண்டு வந்து, பிறந்த சாதிக்காக ஜனங்களை ரேகை வைக்கச் சொன்னது. எதிர்த்தவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் செய்து 16 பேருக்குக் குறையாமல் கொன்றது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. இன்றைக்கும் ஒரு வண்டி களவு போனால், அந்தத் தெருவாராக இருக்கும், இந்தத் தெருவாராக இருக்கும் என்று சாதியைச் சொல்லி விரல் நீட்டுகின்றவர்களைப் பார்க்கின்றோம். எலுமிச்சம்பழத்தை நம்புகின்ற மூளைதான் இதையும் நம்புகின்றது.

இது நிற்க, வண்டியை நிறுத்திவிட்டுப் போகின்றவன் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடிப் பூட்டு பலமாக உதைத்தால் உடைந்து போகும். ஆகையால் சக்கரத்தில் இரண்டாவது பூட்டோ, நகராத கம்பத்தோடு சேர்த்துக் கனத்த சங்கிலியோ போட வேண்டும். நாலு சக்கர வண்டிக்கு ஸ்டியரிங்கில் மாட்டுகின்ற இரும்புப் பூட்டு கடைகளில் கிடைக்கின்றது. இஞ்சின் கிளம்பாதபடி மறைவான சுவிட்ச் ஒன்றை மெக்கானிக்கைக் கொண்டு வைத்துக் கொள்ளலாம். பல நாள் வெளியூர் போவதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் போவது காசில்லாத காவல். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். டீ குடிக்க இறங்குகின்ற இரண்டு நிமிஷந்தானே என்று சாவியை வண்டியிலேயே விட்டுப் போகின்ற வழக்கம் நம் பக்கத்தில் அதிகம். களவு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் முதலில் இரண்டு சாவியையும் கொண்டு வா என்பான். ஒன்று குறைந்தால் அதுவே அவனுக்குச் சாக்கு.

இன்ஷூரன்ஸ் விஷயம் நம் ஜனங்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், உன் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு மட்டுந்தான் ஈடு. உன் வண்டி களவு போனால் அதிலிருந்து ஒரு காசும் வராது. மேலும், பழைய வண்டி வாங்கினவர்கள் ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸையும் தங்கள் பேருக்கு மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகின்றார்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை மாற்றக் கேட்டு எழுத வேண்டுமென்பது சட்டம். வண்டி வாங்க நல்ல நாள் பார்க்கத் தெரிந்தவனுக்கு இந்த 14 நாளை எண்ணத் தெரியவில்லை.

களவு தெரிந்த உடனே, குறி கேட்கப் போகாமல், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எங்கள் எல்லையல்ல என்று திருப்பியனுப்ப அவர்களுக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் எழுதிக் கொள்ள வேண்டியதுதான். குறி கேட்பதிலும் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதிலும் போகின்ற இரண்டு நாளில், வண்டி துண்டு துண்டாகி விற்றுப் போகும். புகாரைத் தாமதித்தால் இன்ஷூரன்ஸ் பணமும் போகும். ஒரு குடியானவரின் டிராக்டர் 2010இல் களவு போயிற்று. அன்றைக்கே போலீசில் எழுதி வைத்தார், ஆனால் கம்பெனிக்குத் தெரிவிக்க ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அதைக் காட்டிக் கம்பெனி கையை விரித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போய், போலீசுக்கு உடனே சொல்லியிருக்கும்போது கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் வைத்துப் பணத்தை மறுக்கக் கூடாதென்று 2020 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அன்றைக்கே எழுதி வைத்த அந்த ஒரு காகிதந்தான் அவரைக் காத்தது.

இன்னொன்று, ஸ்டாண்டுகளில் தொங்குகின்ற பலகை. காசு வாங்கிக்கொண்டு, வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதிப் போட்டிருக்கின்றார்கள். ஜனங்களும் அதை வேதவாக்காக எண்ணிப் பேசாமல் திரும்பி விடுகின்றார்கள். 1998இல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர், ஓட்டல் ஆளிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் களவு போயிற்று. சீட்டில் உடையவர் பொறுப்பு என்று அச்சடித்திருப்பதைக் காட்டி ஓட்டல் தப்பப் பார்த்தது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், சாவியை வாங்கி வண்டியைத் தன் வசத்தில் வைத்துக் கொண்டவன் தன்னுடைய அஜாக்கிரதைக்கு அந்த வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாதென்று சொல்லிவிட்டது. சாவி உன்னிடமே இருந்தால் நியாயம் இவ்வளவு சுலபமாயிராது என்பதையும் மறைக்காமல் சொல்லி வைக்கின்றோம். ஆனாலும் டோக்கனைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு, நுகர்வோர் கோர்ட்டில் கேட்டுப் பார்க்காமல், பலகையைப் பார்த்தே பயந்து போவானேன்? பெரிய ஓட்டலின் அச்சடித்த சீட்டே செல்லாதபோது, தகரப் பலகை ஒன்றும் தெய்வ வாக்கு ஆகிவிடாது.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலுமுள்ள நம் தோழர்களிடம், தெருவுக்குத் தெரு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கின்றோம். வெளியூர் போகின்றவன் தன் வண்டி நம்பரையும், திரும்பும் நாளையும், இன்ஷூரன்ஸ் முடிகின்ற தேதியையும் அதில் எழுதிவிட்டுப் போவது, பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதியாயிருந்தாலும் இரவில் ஒரு முறை எட்டிப் பார்ப்பது, வண்டி நின்ற இடத்தில் இல்லையென்றால் அந்த நிமிஷமே போனில் சொல்லுவது என்பதாக ஏற்பாடு. லாரி பறிகொடுத்த தோழரும் முதல் ஆளாக அதில் சேர்ந்திருக்கின்றார். அவருக்கு இன்னும் 22 தவணை பாக்கி இருக்கின்றது.