ஜோர்டானை விட்டவர்கள் முட்டாள்களா?

கூடைப்பந்து பேச்சு வந்தாலே எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தன் 1984-ஐ இழுத்துவிடுவான். "மைக்கேல் ஜோர்டானையே வேண்டாம்னு விட்ட டீம்டா அது!" என்று எல்லோரும் சிரிப்போம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் வருடம் ஒருமுறை டிராஃப்ட் நடக்கும். புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் தோற்றுத் தொங்கிய அணிகளுக்குத்தான் முதல் இடங்கள். எடுக்கப்படும் பையன்களில் பலருக்கு வயது 19, 20. இந்த வயதில் ஒருத்தன் பத்து வருடம் கழித்து எப்படி ஆடுவான் என்று யாருக்குத் தெரியும்?

1984-ல் இரண்டாவது இடம் போர்ட்லண்டுக்கு. அவர்களிடம் ஜோர்டானின் இடத்தில் ஆட ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். தேவைப்பட்டது உயரமான சென்டர். சாம் போவியை எடுத்தார்கள். ஜோர்டான் மூன்றாவதாக சிகாகோ போனார். 'இருக்கிற ஓட்டையை அடைப்போம்' என்ற பாதுகாப்பான முடிவு! ஆனால் போவி கால் எலும்புக் காயத்தால் கல்லூரியில் இரண்டு சீசன் ஆடாதவர். பாதுகாப்பு என்று நினைத்ததுதான் பெரிய ரிஸ்க்.

2007-ல் அதே போர்ட்லண்டுக்கு முதல் இடம். மறுபடியும் ஒரு சென்டர், கிரெக் ஓடன். இரண்டாவதாக சியாட்டில் எடுத்தது கெவின் டுரான்ட்டை. டுரான்ட் ஒல்லி. டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு எடையைப் படுத்தபடி ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை என்று கிண்டல் செய்தார்கள். ஓடன் முழங்கால் அறுவை சிகிச்சையால் முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. மொத்தமே 105 ஆட்டங்கள்தான் ஆடினார். டுரான்ட் 2014-ல் எம்.வி.பி. ஆனார்.

நடந்து முடிந்த பிறகு இப்படிச் சொல்வது சுலபம்தான். அன்று பெரும்பாலானோர் ஓடனைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் அன்றைக்கே கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: இது எந்த வகை ரிஸ்க்? ஒல்லியான உடம்பைத் தேற்றலாம். முழங்காலைப் பயிற்சியாளர் சரி செய்ய முடியாது.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2014-ல் ஜோயல் எம்பீடை பாத எலும்பு முறிவோடுதான் ஃபிலடெல்ஃபியா எடுத்தது. இரண்டு சீசன் வீணானது. 2023-ல் அவர் எம்.வி.பி. ஆனார். ஆனால் அந்த அணிக்கு அப்போது ஜெயிக்கும் அவசரம் இல்லை, காத்திருக்க முடிந்தது. எல்லா அணிகளாலும் முடியுமா?

என் கட்சி இதுதான்: முதல் ஐந்து இடங்களில் நட்சத்திரமாகக்கூடியவனைத்தான் எடுக்க வேண்டும். மைதானத்தில் ஐந்தே பேர், ஆட்டம் 48 நிமிடம். ஒரு பெரிய ஆட்டக்காரன் அதில் 35 நிமிடத்துக்கு மேல் ஆடுவான். இரண்டு சுமாரான ஆட்களால் அவன் இடத்தை நிரப்ப முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம்தான் உறுதி. அடுத்த இரண்டு வருடம் அணியின் விருப்பம். தோற்றால் நஷ்டத்துக்கு எல்லை உண்டு, ஜெயித்தால் லாபத்துக்கு இல்லை.

அதற்காக 'பொட்டென்ஷியல்' என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவதா? 2003-ல் டெட்ராய்ட் இரண்டாவது இடத்தில் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரையும் விட்டு 18 வயது டார்கோ மிலிசிச்சை எடுத்தது. அந்த அணியோ 2004-ல் கோப்பை வென்ற அளவுக்கு வலுவானது. பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பத்து வருடம் கழித்து மில்வாக்கி 15-வது இடத்தில் யானிஸ் என்ற ஒல்லிப் பையனை எடுத்தது. கிரீஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடியவன். 2013-14 சீசனில் வெறும் 15 ஆட்டமே ஜெயித்த மோசமான அணி அது. ஆனால் அவனை நிறைய ஆட விட்டது. அதே யானிஸ்தான் 2021-ல் கோப்பையை வாங்கித் தந்தார்.

ஆக, திறமை பையனிடம் மட்டும் இருந்தால் போதாது, அதை வளர்க்க அணியிடம் நிமிடங்களும் பொறுமையும் இருக்க வேண்டும். அது இல்லாமல் நட்சத்திரத்துக்கு ஆசைப்படுவது சூதாட்டம்.

கடைசியாக ஒன்று. ரிஸ்க் எடுப்பது அணி. தப்பாகப் போனால் 'சொதப்பல்' என்ற பட்டம் மட்டும் 19 வயதுப் பையனுக்கு. ஓடனை யாரும் முழங்காலை உடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடுத்த தடவை நம் கூட்டத்தில் 1984 பேச்சு வந்தால், போவியைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாமே, ப்ளீஸ் :-)