பட்டணத்தில் பசி வேளை

வெளியூரிலிருந்து சென்னைப் பட்டணத்துக்கு வரும் நண்பர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே. "பையனுக்கு எந்தக் கலாசாலையில் இடம் கிடைக்கும்?" என்பது ஒன்று. "மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கூற இருபது வருஷத்து உபாத்தியாயர் வேலையும் நமக்குப் போதவில்லை. இரண்டாவதற்கு மட்டும் நமக்குச் சிறிது யோக்கியதை உண்டு என்று, அடக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்வோம். ஆகவே இவ்வாரம் இலக்கணத்துக்கும் கணக்குக்கும் விடுமுறை அளித்து, நேயர்களை இலைக்கு முன்னால் உட்கார வைக்க எண்ணியிருக்கிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த காற்று வீசும் கண்ணாடி மண்டபங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் வராது. அவற்றைப் புகழ்வதற்குச் சுவர் தோறும் விளம்பரங்கள் இருக்கின்றன. குழந்தை குட்டிகளுடன் வந்த குடும்பத்தார், ஒரு வேளைப் பசியை நல்ல முறையில் தீர்த்துக்கொண்டு, மாதக் கடைசி வரையில் சஞ்சலமின்றி இருப்பதற்கான இடங்களே நம்முடைய விஷயம்.

காலை வேளையில் மயிலாப்பூரில் தொடங்குவது முறை. கபாலீசுவரர் சந்நிதியில் தரிசனம் முடிந்தவுடன் வயிறு தன் பிரார்த்தனையை ஆரம்பித்துவிடும். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. பெயர் மெஸ் என்று இருந்தாலும் அங்கே சாப்பாடு கிடையாது; சிற்றுண்டி மட்டுந்தான். இடமோ மிகச் சிறியது. உள்ளே இருப்பவர் எழுந்தால்தான் வெளியே நிற்பவர் உட்காரலாம். ஆனாலும் அந்த இட்டிலியும், பொங்கலும், நாக்கைச் சுண்டி இழுக்கும் காரச் சட்னியும், காத்திருந்த கோபத்தை இரண்டே வாய்க்குள் மறக்கச் செய்துவிடும். ஆற அமர வருகிறவர்களுக்கு அங்கே பாத்திரத்தின் அடிதான் தரிசனமாகும் என்பதை அநுபவத்தில் கண்டிருக்கிறோம்.

கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் உண்டு. அடையும் அவியலும் ஒன்றுக்கொன்று ஏற்பட்டவை என்று நம்புகிறவர்கள் அங்கே போகலாம். இன்னும் சிறிது நடந்தால் பொன்னம்பல வாத்தியார் தெரு. நம்முடைய தொழிலைச் சேர்ந்த ஒருவர் பெயரைத் தாங்கிய தெரு என்பதால் அதில் நமக்குத் தனி அபிமானம். அந்தத் தெருவில்தான் ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகவே பொங்கலும் பஜ்ஜியும் நீட்டிப் 'ஜன்னல் கடை' என்று பட்டணமெங்கும் பெயர் பெற்றார்கள். மேஜையும் இல்லை, நாற்காலியும் இல்லை. வக்கீலும், பூக்காரியும், ஆட்டோ ஓட்டுகிறவரும் கையில் தட்டை ஏந்திக்கொண்டு தெருவிலேயே நிற்பார்கள். சமரச சன்மார்க்கம் பற்றிப் பிரசங்கம் கேட்பதைவிட அந்தத் தெருவில் ஐந்து நிமிஷம் நிற்பது மேல்.

மத்தியானத்துக்குத் திருவல்லிக்கேணி. வேலை தேடியும் பரீட்சைக்குப் படிக்கவும் வந்த வாலிபர்கள் 'மான்ஷன்' என்னும் விடுதிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வசிக்கும் பேட்டை அது. அவர்களுக்கு உணவளித்தே பெயர் பெற்றது காசி விநாயகா மெஸ். அங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு முறைப்படி காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் உட்கார்ந்தால், இலை நிறையச் சாதமும், குழம்பும், ரசமும், மோரும் கணக்குப் பார்க்காமல் வரும். பேச்சுக்கு இடமில்லை, உண்டு முடித்தவுடன் எழுந்துவிட வேண்டும். பின்னால் ஒருவர் பசியோடு நிற்கிறார் என்ற ஞாபகம் எப்போதும் இருக்கும். குடும்ப சகிதமாகப் போகிறவர்கள் அதற்குத் தயாராகப் போகவேண்டும்.

அந்தப் பேட்டையின் நெடுஞ்சாலையில்தான் ரத்னா கபே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டில் ஆரம்பித்த கடை. இங்கே இட்டிலிக்குச் சாம்பார் ஊற்றுவதில்லை. சாம்பாருக்குள் இட்டிலியை நீச்சல் பழக்குகிறார்கள். கிண்ணம் வற்றினால், கூஜாவுடன் வந்து மறுபடியும் ஊற்றுவார்கள். இதை ஏற்படுத்தியவர்கள் வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் என்று சொன்னால் நேயர்களில் சிலர் வியப்படையலாம். வியப்புக்கு அவசியமே இல்லை. சென்னையின் சிற்றுண்டி என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, வெளியிலிருந்து வந்தவர்கள் கொடுத்த சீதனம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ண ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். மோட்டார் வண்டியில் உட்கார்ந்தபடியே தோசை தின்னலாம் என்று 1962-இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூக்கள் அழகாகத்தான் இருக்கின்றன. எனினும் அந்தப் பக்கம் போகும்போது நம் இல்லாளுக்கு மட்டும் இன்னும் காபி வாசனை வருகிறதாம்.

மாமிச போஜனத்தில் நமக்கு அநுபவம் கிடையாது. ஆகையால் சிநேகிதர்கள் சாட்சியத்தைத்தான் கூற முடியும். மவுண்ட் ரோட்டில் 1951-இல் தொடங்கிய புகாரி ஹோட்டலைப் பற்றி அவர்கள் ஒருமுகமாக நல்ல வார்த்தை சொல்கிறார்கள். 'சிக்கன் 65' என்று தேசமெங்கும் பரவிய பண்டம் 1965-இல் தங்கள் அடுப்பில்தான் பிறந்தது என்று அந்தக் கடையார் உரிமை கொண்டாடுகிறார்கள்.

மாலையில் ஜார்ஜ் டவுன் பக்கம் போகிறவர்கள், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரையும் அதன் பின்புறத் தெருக்களையும் பார்க்கத் தவறக்கூடாது. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி ஏற்பட்ட பிறகு, தலைமுறைகளாக அங்கே பாடுபட்ட தமிழர்கள் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அவர்களுடன் வந்த சொத்துகளில் ஒன்று 'அத்தோ'. சேவை போன்ற மாவு நூலுடன் முட்டைக்கோசும், வறுத்த வெங்காயமும், புளித் தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு ரசம் ஒரு கிண்ணம். அங்கிருந்து சௌகார்பேட்டைக்குப் போனால், தங்கசாலைத் தெருவில் காகடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபியும் பாதாம் பாலும் உண்டு. ஒரே மாலையில், ரயிலும் கப்பலும் ஏறாமல், ரங்கூனுக்கும் ராஜஸ்தானத்துக்கும் போய் வந்துவிடலாம்.

கையில் காசு குறைந்தவர்களையும் மறந்துவிடக்கூடாது. 2013-இல் ஏற்பட்ட அம்மா உணவகங்களில் இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று தொடங்கினார்கள். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெண்களே. கௌரவம் பார்த்து அங்கே நுழையத் தயங்குகிறவர்கள், பசிக்குக் கௌரவம் தெரியாது என்பதை ஒருநாள் நின்று தெரிந்துகொள்ளலாம்.

புறநகரங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் தருவது கஷ்டம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எங்கும் கடைகள் இன்று தோன்றி நாளை மறைகின்றன. ஆகவே பெயருக்குப் பதிலாக மூன்று பரீட்சைகள் சொல்லுகிறோம். ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள் தங்கள் காசைக் கொடுத்து எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது, கை அலம்பும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். அதன் நிலைமைதான் அடுப்பங்கரையின் நிலைமை. மூன்றாவதை நாம் சென்ற சித்திரையில்தான் கற்றுக்கொண்டோம். அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்துவதற்காகத் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் எங்களைக் கூட்டியிருந்தார்கள். பத்து நாள் வேலை. மத்தியானத்தில் நாமும், தமிழ்ப் பண்டிதரான நண்பர் ஒருவரும் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டு ஹோட்டலுக்குப் போவோம். பரிமாறிய பையன் அஸ்ஸாம் தேசத்தவன்; இருபது வயதிருக்கும். முதல் நாள் பண்டிதர் 'கூட்டு' என்று கேட்டார். அவன் பொரியலைக் கொண்டுவந்து வைத்தான். மறுபடியும் கேட்டார், மறுபடியும் பொரியலே வந்தது. காலையிலிருந்து எழுத்துப் பிழைகளோடு மல்லுக்கு நின்ற களைப்பு, பண்டிதருக்குக் கோபமாக மூண்டுவிட்டது.

"தமிழ்நாட்டில் வந்து பிழைக்கிறாய், கூட்டுக்கும் பொரியலுக்கும் பேதம் தெரியவில்லையே! உன்னை யார் இங்கே கூப்பிட்டார்கள்?" என்று உரக்கக் கேட்டார்.

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம்.

பையன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து மடங்கிப்போன ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். அதில் அவனுடைய தாய்மொழி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் எழுதியிருந்தன. விரலை வைத்துப் படித்துக் காட்டினான்: சாம்பார், ரசம், மோர், அப்பளம், கூட்டு, பொரியல். பிறகு, "ஸார், எது தண்ணி இருக்கு? எது தண்ணி இல்லை?" என்று கேட்டான். கோபத்தால் கேட்ட கேள்வி அல்ல அது; தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி.

பண்டிதர் முகம் மாறிவிட்டது. வருஷம் முழுவதும் வகுப்பறையில் எந்தக் கேள்விக்காக நாம் ஏங்குகிறோமோ, அந்தக் கேள்வி எச்சில் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். "உட்கார் தம்பி" என்றார். முதலாளி பார்க்கிறார் என்று அவன் உட்காரவில்லை. நின்றபடியே, 'கூட்டு' என்று தமிழில் அவர் எழுதியதைப் பார்த்து அதன் கீழே தானும் எழுதினான். சுழி கோணியிருந்தது, ஆனால் பிழையில்லை.

அன்று முதல் தினம் ஐந்து நிமிஷம் பாடம் நடந்தது. பத்தாவது நாளில் அவன் சுவரில் மாட்டியிருந்த விலைப் பலகையை, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்தான். கடைசி நாள் கைகழுவிவிட்டுத் திரும்பிய பண்டிதர், "தம்பி, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் திகைத்து, "நாலு மணிக்கு ஸார்" என்றான். அப்போது மணி இரண்டு. காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறானாம்.

வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதைத்தான் தமிழர் மரபு என்று நாம் மேடை ஏறிச் சொல்லுகிறோம். இத்தனை வருஷமாக எத்தனையோ ஹோட்டல்களில் இலை போட்டு உண்ட நாம், பரிமாறியவர்களில் ஒருவரிடமாவது அதைக் கேட்டதுண்டா என்று அன்று ரயிலில் யோசித்தோம். ஒருவர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. சாம்பாரின் ருசிதான் ஞாபகம் இருந்தது.

நம்மவர்கள் பர்மாவுக்குப் போகவில்லையா? மும்பையில் மாதுங்காவுக்கும், கடல் கடந்து சிங்கப்பூருக்கும் போகவில்லையா? அங்கே பாஷை தெரியாமல் விழித்த நம் பாட்டனார்களைப் பார்த்து எவ்வளவு பேர் சிரித்தார்களோ! யாராவது ஒருவர் பேனாவை எடுத்தும் இருப்பார்.

ஒரு காலத்தில் இந்த நாட்டு ஹோட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கே சண்டை போடவேண்டியிருந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சாப்பாட்டு அறைகளில் ஜாதி பார்த்து இடம் பிரித்த வழக்கம் 1941-இல்தான் ஒழிந்தது. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது விதி, உணவுச் சாலைகளுள் எவரையும் ஜாதி மத காரணமாகத் தடுக்கலாகாது என்று ஸ்பஷ்டமாகக் கூறுகிறது. உட்காருகிறவர்களுக்குள் சமத்துவம் வந்தது பெரிய காரியந்தான். உட்காருகிறவருக்கும் நின்று பரிமாறுகிறவருக்கும் இடையே வரவேண்டிய சமத்துவத்தை எந்தச் சட்டமும் எழுதித் தர முடியாது. அது நம்முடைய நாக்கில் இருக்கிறது. ருசி பார்க்கும் அதே நாக்கில்தான்.

ஆகவே மூன்றாவது பரீட்சை இதுதான். மேஜை துடைக்கிறவரிடம் முதலாளி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அந்தப் பேச்சு இனிமையாக இருந்தால், ரசத்தில் உப்புச் சற்றுக் குறைந்திருந்தாலும் அந்தக் கடைக்கே மறுபடியும் போங்கள். கூடவே நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது, கவனித்துக்கொள்வது நலம். மாணவர்கள் பாடத்தைவிட வாத்தியாரைத்தான் அதிகமாகப் படிக்கிறார்கள். குழந்தைகள் பெற்றோரையும் அப்படியே.

போன ஞாயிறன்று இல்லாளுடன் அந்த ஹோட்டலுக்கு மறுபடியும் போயிருந்தோம். பையன் ஓடி வந்து, நாம் வாய் திறப்பதற்கு முன்பே, "கூட்டா, பொரியலா ஸார்?" என்று கேட்டுச் சிரித்தான். கூட்டு என்றோம். கூட்டே வந்தது. பண்டிதரின் மாணாக்கர்களில் இவ்வருஷம் முதல் தரமாகத் தேறியவன் யார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.