லைன் இருக்கு, ஆள்தான் இல்லை

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை. போர்ட் கிள்ளான் தெற்குத் துறைமுகத்தில், பூலாவ் கெத்தாமுக்குப் படகு ஏறும் ஜெட்டியில் நின்று நேரடி நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். கையில் ஒலிவாங்கி, தோளில் ஒரு சின்னப் பெட்டி, அதோடு ஒரு பாக்கெட் மோடம். இன்றைய வெளிப்புற ஒலிபரப்புக்கு அவ்வளவுதான் தேவை. ஒரு காலத்தில் இதற்கென்றே ஒரு வேன் வரும் என்று மூத்த அறிவிப்பாளர்கள் சொல்வார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறாராம். தீபாவளிக்கு வர முடியாதாம். கப்பல் துபாயில் நிற்கிறது, கைத்தொலைபேசியில் எங்கள் வானொலியைக் கேட்பான், ஒரு வாழ்த்து சொல்லிக்கொள்ளட்டுமா என்றார். ஒலிவாங்கியை நீட்டினேன். "ஐயா, அன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சிடு. கோயில் இல்லாட்டி பரவாயில்ல, கிழக்கப் பார்த்துக் கும்பிட்டுக்கோ. அம்மாவுக்குக் கால் வலி இப்ப தேவல." இரண்டு நிமிடம் பேசியிருப்பார். அருகில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சந்தோஷமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொமுட்டர் நிலையத்தின் பக்கம் நடந்துவிட்டார்.

அவர் போன சற்று நேரத்தில் நிலையத்திலிருந்து அழைப்பு. "அக்கா, உங்க குரல் வந்து நாலு நிமிஷம் ஆச்சு. பாட்டுதான் ஓடிக்கிட்டிருக்கு."

பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. 'இணைப்பு உள்ளது' என்று அதற்கு அர்த்தம். நிலையத்திலிருந்த கணினியும் 'இணைப்பு உள்ளது' என்றே காட்டியதாம். நடுவில் மோடம் உறைந்து போயிருந்தது. வேறு மோடம் மாற்றிப் பெட்டியை மீண்டும் இயக்கினால், நிலையத்துக் கணினி எங்களை உள்ளே விடவில்லை. 'ஏற்கெனவே ஒருவர் இணைப்பில் இருக்கிறார்' என்றது. அந்த ஒருவர் நான்தான்! பதறிப்போய் அங்கிருந்த தம்பி நிரலையே நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார். அதுவும் நடக்கவில்லை. 'இந்த போர்ட் பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு பிழைச் செய்தி. நான் நின்றதும் போர்ட், அங்கே அடைபட்டதும் போர்ட். எல்லாம் சரியாகி மறுபடி என் குரல் போனபோது 11 நிமிடங்கள் கழிந்திருந்தன.

மறுநாள் மாமாக் கடையில் தே தாரேக் வாங்கிக் கொடுத்துத் தம்பியிடம் பாடம் கேட்டேன். நான் படித்தது ஊடகவியல், கணினி இல்லை. ஆனால் அன்று அவர் சொன்ன விஷயத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

நம் கணினியில் ஓடும் எந்த நிரலும் வலையமைப்போடு நேரடியாகப் பேசுவதில்லை. இயங்குதளத்திடம் 'ஒரு இணைப்பு கொடு' என்று கேட்கிறது. இயங்குதளம் கொடுக்கும் அந்த முனைக்குப் பெயர் சாக்கெட். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தோடு பரவலான ஏற்பாடு இது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் லினக்ஸ், விண்டோஸ், நம் கைத்தொலைபேசி எல்லாவற்றிலும் அடிப்படை அதேதான். அந்தச் சாக்கெட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல 'செட்சாக்ஆப்ட்' என்றொரு கட்டளை உண்டு. எந்தச் சாக்கெட், எந்த அடுக்கு, எந்த விருப்பம், என்ன மதிப்பு என்று நிரல் எழுதுபவர் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால், எப்போதோ யாரோ முடிவு செய்து வைத்த மதிப்புகள் நடைமுறையில் இருக்கும். எங்கள் நிரலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கதி.

டிசிபி என்ற முறையில் இரண்டு கணினிகள் இணைந்திருக்கின்றன என்றால், நடுவில் ஏதோ கம்பி இழுத்துக் கட்டியிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு பக்கமும் வைத்திருக்கும் ஒரு நினைவுக் குறிப்பு, அவ்வளவே. பேச எதுவும் இல்லாதபோது ஒரு துளி தகவல்கூட அங்கும் இங்கும் போகாது. ஒரு பக்கம் ஒழுங்காக விடைபெற்றுப் போனால் மறுபக்கத்துக்குத் தெரியும். மின்சாரம் போனாலோ, நடுவில் மோடம் செத்தாலோ தெரியாது. அனுப்பும் பக்கமாவது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸில் ஏறக்குறைய கால் மணி நேரம் கழித்துக் கைவிடும். என் பச்சை விளக்கு அணையாததற்குக் காரணம் அதுதான். கேட்கும் பக்கம்? அது கேட்டுக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில்.

"லைன் இருக்குக்கா, ஆள்தான் இல்ல" என்றார் தம்பி.

என் தாத்தா நினைவுக்கு வந்தார். இந்த ஊருக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில் (1972-இல்தான் பெயர் மாறியது) கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். நாகப்பட்டினத்துப் பக்கம் அவருடைய அண்ணன் இருந்தார். இவர் ஒரு கடிதம், அவர் ஒரு கடிதம் என்று முறை வைத்து எழுதிக்கொள்வார்கள். ஒரு கட்டத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வரவில்லை. "இது அவர் முறை, வரும்" என்று தாத்தா காத்திருந்தார். பாட்டி சொல்லிப் பார்த்தாராம், "நீங்களே ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்களேன்" என்று. தாத்தா கேட்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து ரஜூலா கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் அண்ணன் இறந்துபோன செய்தியைச் சொன்னார். ஒன்றரை ஆண்டும் தாத்தாவின் கணக்கில் அண்ணன் உயிரோடுதான் இருந்தார்.

பாட்டி சொன்ன அந்த ஒரு கடுதாசிக்குச் சாக்கெட் உலகில் 'கீப்-அலைவ்' என்று பெயர். அதை இயக்கிவிட்டால், இணைப்பு அமைதியாக இருக்கும்போது இயங்குதளமே 'இருக்கிறாயா?' என்று ஒரு சிறு பொட்டலம் அனுப்பும். பதில் வந்தால் சரி. வராவிட்டால் சில முறை கேட்டுப் பார்த்து, இணைப்பு போய்விட்டது என்று நிரலுக்குச் சொல்லிவிடும். ஆனால் அது இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும், முதல் கேள்வியைக் கேட்க லினக்ஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் 7200 விநாடிகள். அதாவது இரண்டு மணி நேரம்! அதன் பிறகு 75 விநாடிக்கு ஒரு முறை, மொத்தம் 9 முறை கேட்கும். ஆக, மறுபக்கம் செத்துவிட்டது என்று தெரிய 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. என் நிகழ்ச்சியே இரண்டு மணி நேரம்தான்.

யார் வைத்த கணக்கு இது? 1989-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதி ஆவணம். கீப்-அலைவ் இயல்பில் அணைந்திருக்க வேண்டும், மாற்றாமல் விட்டால் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அதில்தான் இருக்கிறது. அன்றைய நியாயம் வேறு. சில இணைப்புகளில் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டியிருந்தது. யாருமே பயன்படுத்தாத இணைப்பு உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன, அதற்கு ஏன் செலவு என்று நினைத்தார்கள். தொலைபேசிக் கட்டணத்துக்குப் பயந்து வளர்ந்த எங்கள் வீட்டில் இந்த நியாயம் நன்றாகவே புரியும்.

இன்னொரு காரணத்தையும் அந்த ஆவணம் சொல்கிறது. வலையமைப்பில் ஒரு கணம் தடங்கல் வந்தால், அவசரப்பட்டுக் கேள்வி கேட்டு நல்ல இணைப்பையும் முறித்துவிடுவோம் என்பது. இதை நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம். தம்பி முதலில் கோபத்தில் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார். 5 விநாடி அமைதி, பிறகு விநாடிக்கு ஒன்றாக இரண்டு கேள்வி, பதில் இல்லையென்றால் வெட்டு. அடுத்த சோதனைக்கு நான் பூலாவ் கெத்தாம் படகில் ஏறினேன். வழியில் சமிக்ஞை பத்து விநாடி போகும், தானாக வரும். பொறுத்திருந்தால் தொடர்ந்திருக்கும் இணைப்பை எங்கள் கணினி வெட்டி வெட்டி எறிந்தது. இப்போது 20 விநாடி அமைதி, பிறகு 5 விநாடிக்கு ஒன்றாக மூன்று கேள்வி என்று வைத்திருக்கிறோம். மொத்தம் 35 விநாடி. அதற்குள் ஒரு விளம்பரம் போட்டுவிடலாம்.

அந்த 'போர்ட் பயன்பாட்டில் உள்ளது' பிழைக்கும் ஒரு விருப்பம் உண்டு. 'ரீயூஸ்-அட்ரஸ்' என்பார்கள். முடிந்த இணைப்பின் மிச்சத்தை இயங்குதளம் உடனே துடைத்துவிடாது. வழியில் தாமதமாகும் பழைய பொட்டலம் புதிய இணைப்புக்குள் நுழைந்து குழப்பக் கூடாது என்று சற்று நேரம் வைத்திருக்கும். ஒழுங்காக மூடிய இணைப்புக்கே லினக்ஸில் 60 விநாடி. மறுபக்கம் பதில் சொல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். 'மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, அந்த எண்ணிலேயே நான் காத்திருக்கிறேன்' என்று சொல்வதுதான் இந்த விருப்பம். சர்வர் நிரல் எழுதுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போடும் ஒரு வரி. எங்கள் நிரலில் இல்லை.

அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். மதிய உணவுக்குப் போய்வந்து பார்த்தால் தரவுத்தளத் திரை அசையாமல் தொங்குகிறதா? நடுவில் இருக்கும் ரூட்டரோ ஃபயர்வாலோ, பேச்சில்லாத இணைப்பை மறந்துபோயிருக்கலாம். முகவரி மாற்றித் தரும் இந்தப் பெட்டிகள் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது இணைப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று 2008-இல் ஒரு விதி வந்தது. அந்தப் பழைய இரண்டு மணி நேரத்தோடு நான்கு நிமிடம் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே மறந்துவிடும் பெட்டிகளும் நிறைய உண்டு. கேள்வியைச் சீக்கிரமாகக் கேட்க வைத்தால் அவை விழித்திருக்கும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கீப்-அலைவுக்குப் பதில் சொல்வது மறுபக்கத்து இயங்குதளம், அங்கே ஓடும் நிரல் அல்ல. நிரல் உறைந்து கிடந்தாலும் 'இருக்கிறேன்' என்ற பதில் வந்துகொண்டிருக்கும். அதனால் இப்போது எங்கள் பெட்டி பத்து விநாடிக்கு ஒரு முறை தன் வாயாலேயே 'ஒலி போகிறது' என்று நிலையத்துக்குச் சொல்கிறது. நிலையமும் திருப்பி 'கேட்கிறது' என்கிறது. அந்தப் பதில் வந்தால்தான் பச்சை விளக்கு எரியும்.

பாட்டி பேசியது பெட்டியின் மெமரி கார்டில் பதிவாகியிருந்தது. அவருடைய பெயரையோ எண்ணையோ நான் வாங்கி வைக்கவில்லை. நேரடி நிகழ்ச்சியில் யார் வாங்குகிறார்கள்? திங்கட்கிழமை காலை 7 மணிக்கும், தீபாவளியன்று இரண்டு முறையும் அந்தப் பதிவைப் போட்டோம். துபாயில் கப்பலில் இருக்கும் தம்பி கேட்டால் நிலையத்தை அழைக்கவும் என்று எண்ணையும் சொன்னேன். அழைப்பு எதுவும் வரவில்லை. இந்த ஆண்டும் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அதே ஜெட்டியில்தான் நிற்கப் போகிறேன். பாட்டியைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள்.