போன வருட மாணவர், இந்த வருட டீச்சர்

மே மாதம் பிறந்தால் பல சர்ச்சுகளில் கைதட்டல் காதைப் பிளக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி, சுருக்கமாக வி.பி.எஸ். (கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு ஓ.வி.பி.எஸ்.) பாட்டும் கதையும் சொல்லித் தருவது பெரும்பாலும் பாதிரியார் அல்ல. பத்தாவது பரீட்சை முடித்த பையனும் பெண்ணும்தான். போன வருடம் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இளைஞர்களை இறக்கிவிடும் யோசனை பழையது. 1898ல் எலைசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி, நியூயார்க் தெருக்களில் திரிந்த பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு தொடங்கினார். இடம்? வாடகைக்கு எடுத்த பீர் விடுதி! 1901ல் அதைப் பெரிதாக்கிய ராபர்ட் போவில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: கோடையில் சர்ச்சுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் தெருவில், கல்லூரி மாணவர்கள் சும்மா. மூன்றையும் முடிச்சுப் போட்டார்.

முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஆனால் தொப்பிக்கும் பலூனுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் கமிட்டிகள், இந்த இளசுகளை நாற்காலி தூக்கவும் ஜூஸ் ஊற்றவும் விட்டுவிடுகின்றன. வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி, “செத்துப்போன எங்க பாட்டி இப்ப எங்கே?” என்கிறாள். பதினாறு வயது டீச்சருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. விவரமான மூத்தவர் அங்கேயே குறுக்கிட்டுப் பதில் சொல்வதில்லை. வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “நீ என்ன சொல்லலாம்னு நினைச்சே?” என்று கேட்கிறார். டீ ஆறுகிறது. பையன் மெல்லப் பேசத் தொடங்குகிறான்.