நாற்றமும் நகர்வும்

'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. ஐம்புலன்களை எண்ணுமிடத்தில் திருக்குறளும் மணத்துக்கு அச்சொல்லையே ஆள்கிறது. இன்று ஒருவரிடம் 'உங்கள் வீட்டு மல்லிகை நாறுகிறது' என்றால் பகைதான் மிஞ்சும். சொல் நகர்ந்துவிட்டதை நாம் அறிவது பழைய நூல்கள் கையில் இருப்பதால்தான். அவை அழிந்திருந்தால், இன்றைய பொருளே என்றுமுள்ள பொருள் என்று சாதித்திருப்போம்.

மணத்தை அறியும் கருவிகளுக்கும் இதுவே நேர்கிறது. 1982-இல் பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்சாடும் டாட்டும், பல வாயு உணரிகளின் விடைகளை ஒருங்கே வைத்து மணங்களைப் பிரித்தறியும் மின்னணு மூக்கை முன்வைத்தனர். பின்னாளில் கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனம் தேயிலையின் மணத்தை மதிப்பிட அத்தகைய கருவியொன்றை உருவாக்கியது. இவ்வுணரிகளில் பரவலானது வெள்ளீய ஆக்சைடால் ஆனது. சூடேற்றப்பட்ட அதன் பரப்பில் வாயு படும்போது மின்தடை மாறும்; அம்மாற்றமே அளவு. ஆனால் பரப்பு மூப்படைகிறது. சிலிக்கோன் ஆவி அதை நஞ்சாக்குகிறது. காற்றின் ஈரம் அதை அசைக்கிறது. அதே வாயு, அதே அளவு, ஆனால் அடுத்த ஆண்டு வேறு எண். தான் நகர்ந்தது கருவிக்குத் தெரியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 16 உணரிகளை ஆறு வாயுக்களுடன் 36 மாதங்கள் சோதித்து, 2012-இல் இந்நகர்வை விரிவாகப் பதிவு செய்தனர்.

தீர்வுகள் இரண்டு. அளவு தெரிந்த வாயுவை அவ்வப்போது காட்டிக் கருவியைச் சரிபார்ப்பது ஒன்று. கணித முறையால் நகர்வைக் கணித்துக் கழிப்பது மற்றொன்று. இரண்டாவது செலவு குறைந்தது, ஆபத்தும் அதில்தான். மெல்ல மெல்ல உண்மையாகவே ஒரு கசிவு கூடிவந்தால், அதையும் நகர்வென்று கருதிக் கழித்துவிடக்கூடும். ஆகவே திருத்தத்துக்கும் ஒரு சாட்சி தேவை.

இதைக் கூடங்குளத்தை எண்ணியே எழுதுகிறோம். அங்கு முதல் அணு உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் தொடர்வினையைத் தொடங்கின. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவின் உலைக் கட்டடங்களைச் சிதறடித்த ஐதரசனுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கானால் தீப்பற்றும். கதிர்வீச்சுக்கும் மணமில்லை. காற்றின் வாடையிலேயே கடலின் போக்கை உணரும் இடிந்தகரை மீனவருக்கும் இங்கு மூக்கு உதவாது. கருவி சொல்வதை நம்பியே அவர் வாழவேண்டும். கதிர்வீச்சு அளவியின் இயக்கம் வேறு. ஆயினும் காலம் அதையும் நகர்த்தும் என்பதால்தான் அதற்கும் அளவுத்திருத்தம் விதிக்கப்பட்டிருக்கிறது.

அத்திருத்தம் அங்கு நடப்பதில்லை என்பது நம் வாதமன்று. 'எல்லாம் வரம்புக்குள் உள்ளது' என்று ஊராரிடம் சொல்லப்படும் எண், தன் பிறப்புச் சான்றிதழோடு வரவேண்டும் என்பதே நம் கோரிக்கை. கருவி கடைசியாக எப்போது, எதை வைத்துச் சரிபார்க்கப்பட்டது? எவ்வளவு திருத்தப்பட்டது? திருத்துமுன் அது காட்டிய எண் என்ன? இவையின்றி வரும் அளவு அரை உண்மை. இவ்விவரங்கள் சாதாரண மக்களுக்குப் புரியாது என்பாருண்டு. புரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளும் உரிமையேனும் அவர்களுக்கு வேண்டாமா? 2011 முதல் அக்கரையில் நிகழ்ந்த நீண்ட போராட்டத்தில் மின்சாரத்தைவிட அதிகம் விவாதிக்கப்பட்டது நம்பிக்கையே.

இலக்கிய வாசகர்க்கு இந்நெறி புதிதன்று. உ.வே.சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, ஏனைய பாடபேதங்களையும் குறித்துச் சென்றார். பதிப்பாசிரியர் எங்கே, ஏன் முடிவெடுத்தார் என்பதை நாம் இன்றும் சோதிக்க முடிகிறது. நூலுக்குக் காட்டிய அந்நேர்மையை உயிருக்கும் காட்டுவது மிகையான எதிர்பார்ப்பாகாது.