சினிமா கூப்பிட்டாத்தான் பாட்டா?

மதுரை பக்கம் பரவைன்னு சொன்னாலே முனியம்மா ஞாபகம்தான். வருஷக்கணக்கா மேடையில் நாட்டுப்புறப் பாட்டு பாடியவரை, 2003-ல் 'தூள்' வந்த பிறகுதான் தமிழ்நாடே கவனித்தது.

இன்னொரு வழியும் இருக்குன்னு காட்டியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை. அடுத்து 'மகிழ்ச்சி' என்ற முதல் ஆல்பம். சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்ட பறையும் கானாவும் ராக் கிட்டாருக்குச் சமமா நின்றன. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட படக்கதை எதுவும் தேவைப்படலை. குழுவின் கானா பாடகி இசைவாணி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அடுத்த முனியம்மா சினிமாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனா, படமில்லாத பாட்டையும் நாம தேடிக் கேட்கணும்!